இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

மதிப்பிற்குரிய இரண்டாம் மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய பதினான்கு பக்க அறிக்கை வந்து சேர்ந்தது. டீசலும் நீராவியும் சேர்ந்து ஓடும் என் கலப்பு எஞ்சின் ‘பயணிகள் படகுக்கு ஏற்றதன்று, தற்போதைய வடிவில் சாத்தியமில்லை’ என்று தாங்கள் முடிவு கட்டியிருப்பதை அறிந்துகொண்டேன். ஒரு பட்டறைக்காரிக்காகத் தங்கள் பொன்னான நேரத்தைச் செலவிட்டதற்கு நன்றி.

போதும். இதற்கு மேல் எனக்குத் ‘தாங்கள்’ வராது. பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ இருந்தாய். உனக்கு எதற்குத் ‘தாங்கள்’?

பெயர் போடாமல் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று உன் அலுவலகம் நினைத்திருக்கும். நீயுமா நினைத்தாய்? மூன்றாம் பக்கத்தில் என் நடுச் சிலிண்டரைக் கையால் வரைந்திருக்கிறாய். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. எண்ணெய்க் கையோடு எழுதினால் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலத் தெரியும் என்று அந்தக் கோட்டைப் போடப் பழக்கியவள் நான். சரி, அதைப் பல பேர் போடுவார்கள். அம்புக்குறியின் தலையை மீன்வால் மாதிரி விரித்துப் போடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். பட்டறைச் சுவர் முழுக்கக் கரியால் அப்படிக் கிறுக்கி வைத்து, ஆறு வயதில் என்னிடம் அடி வாங்கியவள்.

அந்த உறை எங்கே பிரிக்கப்பட்டது தெரியுமா? எஞ்சினை மதிப்பிட்டு ஒப்புதல் தரக் கேட்ட விண்ணப்பம் படகுச் சங்கத்தின் பெயரில் போனதால் பதிலும் சங்கத்துக்கே வந்தது. உன் நிறுவனத்துக்குத்தான் அனுப்புகிறோம் என்று உன்னிடம் நான் மூச்சுகூட விடவில்லை. மகளை வைத்துக் காரியம் சாதித்தாள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது பார். அவ்வளவு மானம் பார்த்தவள் நான். சங்கத் தலைவர் நாற்பது படகுக்காரர்கள் முன்னால் உறையைக் கிழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். நான் நல்ல துணி உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ‘சாத்தியமில்லை’ வந்ததும் பின்னாலிருந்து ஒருவன், “அக்கா, அந்த பாய்லர கழட்டி ஒரு டீக்கடை போட்டுடுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேருடைய எஞ்சினையும் இருபத்திரண்டு வருடமாகப் பிரித்துப் பூட்டியது என் கைதான். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்றைக்குச் சரியான நேரத்தில் சிரித்தார்!

என் எஞ்சின் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், ஏனென்றால் நீ எழுதியதைப் படித்தால் அது ஏதோ வெடிகுண்டு போல இருக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின். ஊற்றுகிற டீசலில் பாதிக்கு மேல் வெறும் சூடாகி வெளியே போய்விடுகிறது. புகைக்குழாயில் எத்தனை முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு எனக்கு உறைத்தது தெரியுமா, இந்தச் சூட்டை ஏன் சும்மா விடுகிறோம் என்று? புகைக்குழாய்க்குள் எஃகுக் குழாயைச் சுருளாகச் சுற்றி வைத்தேன். அதில் தண்ணீரை ஏற்றி, கிளம்புகிற நீராவியை நடுச் சிலிண்டருக்குத் திருப்பினேன். ஓரத்துச் சிலிண்டர் இரண்டும் டீசலில் ஓடும், நடுவில் இருப்பது நீராவியில் ஓடும். மூன்று வருட உழைப்பு. பத்து லிட்டர் குடித்த எஞ்சின் அதே வேலையை ஏழு லிட்டரில் செய்தது. அளந்தேன். பன்னிரண்டு முறை அளந்தேன்.

அதற்கு நீ எழுதுகிறாய், அளந்த விதம் தப்பு என்று. முழு வேகத்தில் நாற்பது நிமிடம் விடாமல் ஓட்டி அளந்திருக்கிறார்கள். ஆனால் பயணிகள் படகு எட்டு நிமிடம் ஓடி இருபது நிமிடம் துறையில் நிற்கும். நிற்கும்போது சுருள் ஆறிவிடும், சேமிப்பு எல்லாம் அங்கேயே போய்விடும் என்று. அடியே, அந்தத் துறையில் எத்தனை நிமிடம் படகு நிற்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? என்னோடு மரப்பலகையில் உட்கார்ந்து எண்ணினாய், அதனால் தெரியும். என் மடியில் கற்றதை என் மேலேயே எறிகிறாய்.

அடுத்தது, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஈரம் கீழே இறங்கும், எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலக்கும், பேரிங் தேயும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஆயிலைப் பற்றிச் சொல்கிறாய். எனக்கு!

நான்காம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். மீதிப் பத்துப் பக்கத்தையும் படித்து இரத்தத்தைக் கொதிக்க வைத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்தா?

ஐந்து மாதமாக உன் போன் ஏன் நின்றது என்று இப்போது புரிகிறது. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வாயாடுகிறவள், ‘வேலை அதிகம்’ என்று அப்பாவுக்கு இரண்டு வார்த்தை தட்டிவிட்டு ஒளிந்துகொண்டாய். என் காகிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் பேசக் கூச்சமாக இருந்திருக்கும். எதிரில் நின்று ‘அம்மா, இது ஓடாது’ என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். கத்தினால் உனக்குக் காது போயிருக்குமா?

இப்போது நான் செய்ததையும் கேள். சங்கத் தலைவர் உன் நிறுவனத்துக்கு ஒரு புகார் மனு எழுதினார். இரண்டாம் மதிப்பீட்டாளர் மின்சார எஞ்சின் விற்கிறவர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு ஒருதலைப்பட்சமாக எழுதியிருக்கிறார், விசாரிக்க வேண்டும் என்று. அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். நீ யார் என்று உன் அப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பெயரில்லாமல் என்னை நீ அடித்தாய், பெயரில்லாமல் உன்னை நான் அடித்தேன். கணக்கு சரி.

எஞ்சினை மீசையின் படகில் வருகிற வாரம் ஏற்றப்போகிறேன். மீசையைத் தெரியும் அல்லவா, முகத்தில் பாதி மீசையும் மீதி வாயுமாக இருப்பானே, அவன்தான். அவன் ஒருவன்தான், “அக்கா சொன்னா ஆத்துல கல்லக்கூட மிதக்க விடுவேன்” என்றான். சோதனை ஓட்டம், ஆள் ஏற்றாமல். ஒரு மாதம் ஓட்டிக் காட்டுகிறேன். அப்புறம் உன் பதினான்கு பக்கத்தை எதில் சுற்றுவாய் என்று பார்க்கிறேன்.

வர வேண்டாம். போனும் வேண்டாம்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

உன் இருமல் விட்டதா என்று அப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்கிறார்.

*

அன்புள்ள மகளுக்கு,

எழுதுவது அப்பா, சொல்வது அம்மா. அவளுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு. ஆகவே இனி அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என் சரக்கு. அவளிடம் மூக்குக் கண்ணாடி இல்லை, பார்க்க மாட்டாள்.

என் கை வெந்து இன்றோடு ஒன்பது நாள். அன்றைக்கே அப்பா உன் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். உன் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார். ஒன்பது நாளில் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உன் சதையை என்ன செய்தாய், கேஸ்கட் போட்டு அடைத்துவிட்டாயா? போன் வேண்டாம் என்று எழுதினேன்தான். அம்மா வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றா அர்த்தம்? இத்தனை படித்தவளுக்கு இது தெரியாதா?

நடந்ததைச் சொல்கிறேன். யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

எஞ்சினை ஏற்றினோம். முதல் பத்து நாள் அது ஓடிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். துறையில் நின்றவர்கள் புகையைத் தேடினார்கள். மீசை தன் மீசையை முறுக்கி முறுக்கி ஒரு பக்கம் தேய்ந்தே போயிற்று. டீசல் மூன்று லிட்டர் மிச்சம் என்று சொல்லமாட்டேன். இரண்டு மிச்சமானது, சில நாள் ஒன்றரை. (கடைசி நாலு நாள் அரை லிட்டர். குறித்து வைத்தது நான்.)

பதினோராம் நாள் காலையில் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன். நுனியில் கறுப்பாக இருக்க வேண்டியது பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர். துணியால் துடைத்துவிட்டு அந்தத் துணியை ஆற்றில் எறிந்தேன். மீசையிடம் கேஸ்கட் பழசு என்றேன். ஆயிலை மாற்றினேன். நான்கு நாளில் மறுபடியும் அதே நிறம். மறுபடியும் மாற்றினேன். நீ எழுதிய வாக்கியம் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. அதனாலேயே எஞ்சினை நிறுத்தவில்லை. உனக்கு ஜெயிப்பதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கை வெந்த அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அக்கரைக்குப் போகிற வேறொரு படகு பழுதாகிவிட்டது. சந்தைக்குப் போகிற கூட்டம் துறையில் நின்றது. அந்த மீசை, ஆள் ஏற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும், என் பேச்சைக் கேட்காமல் இருபத்திரண்டு பேரை ஏற்றிவிட்டான். அவனை என்ன சொல்வது! கால் காசு புத்தியில்லாதவன். நானும் படகில்தான் இருந்தேன்.

நடு ஆற்றில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பேரிங் பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றால் எல்லோரும் ஆற்றைப் பார்ப்பார்கள். நான் நீராவி மீட்டரைப் பார்த்தேன். முள் ஏறிக்கொண்டிருந்தது.

எஞ்சின் நின்றபோது சிலிண்டருக்கு நீராவி விடுகிற வால்வு மூடிய நிலையில் நின்றுவிட்டது. என் பாதுகாப்பு வால்வு அந்தப் பக்கம் இருக்கிறது. சுருள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. புகைக்குழாயோ இன்னும் கனன்றுகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, போக வழியில்லை. எல்லோரையும் முன்பக்கம் போகச் சொல்லிக் கத்தினேன். சுருளின் அடியில் தண்ணீர் வடிக்கிற குழாய்த் திருகு ஒன்று உண்டு. ஸ்பானர் தேட நேரமில்லை. கையால் திருகினேன். பீறிட்டு வந்தது. முழங்கை வரைக்கும்.

வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மணல் படகொன்று கயிறு வீசிக் கரைக்கு இழுத்தது. ஒரு பெண் தன் தண்ணீர்க் குடுவை முழுவதையும் என் கையில் ஊற்றினாள். பெயர்கூடக் கேட்கவில்லை. மீசை அழுதான். அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் உன் அப்பா உன் அறிக்கையைக் கொண்டுவந்து, கட்டிலருகில் உட்கார்ந்து, வாசிக்கட்டுமா என்று கேட்காமலே வாசித்தார். பக்கம் ஒன்பது. ‘எஞ்சின் திடீரென நின்றால், பாதுகாப்பு வால்வு இருக்கும் பகுதியிலிருந்து சுருள் துண்டிக்கப்படும். சுருளுக்கெனத் தனி வால்வு இல்லாமல் இந்த எஞ்சினை ஒருபோதும் இயக்கக் கூடாது.’ ‘ஒருபோதும்’ என்பதன் கீழ் இரண்டு கோடு.

எனக்கு வந்த கோபத்தில் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். அதை ஒன்பதாம் பக்கத்தில் ஏன் எழுதினாய்? உன் அம்மா நாலு பக்கத்துக்கு மேல் பொறுமையாகப் படிக்கமாட்டாள் என்று உனக்குத் தெரியாதா? முதல் எட்டுப் பக்கம் மரியாதை, ஒன்பதாம் பக்கத்தில் உயிரா? முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா? ‘அம்மா, வால்வை மாற்று, இல்லாவிட்டால் செத்துப்போவாய்’ என்று எழுதினால் உங்கள் ஆபீசில் வேலையை விட்டா நீக்கிவிடுவார்கள்? (நீக்கிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதை அவளிடம் சொல்லவில்லை.)

சங்கத் தலைவர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நம் மனுவை ஏற்று விசாரணைக்குத் தேதி குறித்துவிட்டார்களாம். “விபத்த பத்தி அங்க வாயத் தொறக்காதீங்க அக்கா. யாராச்சும் கேட்டா கலப்பட டீசல்னு சொல்லிக்கலாம். அந்த ரெண்டாவது ஆள வேலைய விட்டு தூக்காம விடப்போறதில்ல” என்றார். நான் சரி என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை. போன் செய்யாத மகளுக்கு இது போதாது என்றுதான் நினைத்தேன். (அவள் சரி என்றபோது நான் பழத்தை எடுத்துப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.)

எழுதிவிட்டீர்களா? அவ்வளவுதான். கையெழுத்து என்னால் போட முடியாது. உனக்கு என் கையெழுத்து வேறு வேண்டுமா?

(மகளே, இது முழுக்க என் சரக்கு. மருந்து மயக்கத்தில் உன்னைத் திட்டுகிறாள். திட்டும்போது, குழந்தையாக இருந்தபோது உன்னைக் கூப்பிட்ட பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறாள். நீ பேசாததற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்ன என்று மட்டும் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா)

*

என் மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. மருத்துவர் பந்தை அமுக்கப் பழகச் சொன்னார். எனக்குப் பந்தைவிட பேனா அமுக்குவதற்கு நன்றாக இருக்கிறது.

போன கடிதத்தில் உன் அப்பாவின் கையால் ஒரு பொய்யை எழுத வைத்தேன். மீசை என் பேச்சைக் கேட்காமல் ஆள் ஏற்றினான் என்று. அவன் கேட்டான். “அக்கா, சனம் நிக்குது, என்ன செய்யட்டும்?” என்றுதான் கேட்டான். காலையில் குச்சியை உருவிப் பார்த்திருந்தேன். ஆயில் எந்த நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் கையசைத்து ஏறச் சொன்னவள் நான். இருபத்திரண்டு பேர் நாளைக்கு ஊரெல்லாம் சொல்லட்டும், நீராவிப் படகில் போனோம் என்று. டீக்கடை என்று சிரித்தவனின் காதுக்குப் போகட்டும் என்று. அந்த இருபத்திரண்டு பேரில் கைக்குழந்தை இரண்டு. இதை யாரிடமும் சொல்லவில்லை. மீசையும் சொல்லவில்லை. மருத்துவமனையில் என்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கட்டில்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். யார் மேலெல்லாமோ கோபப்பட்டேன். முதலில் கோபப்பட வேண்டியவளை விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் விசாரணைக்குப் போனோம். நான், உன் அப்பா, சங்கத் தலைவர். ஜன்னலே இல்லாத சின்ன அறை. விசாரணை அதிகாரி தொண்டை கட்டிய ஒரு அம்மாள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். தலைவர்தான் பேசினார், மணிக்கணக்காக. இரண்டாம் மதிப்பீட்டாளர் கைநீட்டியவர், படகே பார்க்காதவர், உழைக்கிறவர்கள் வயிற்றில் அடிப்பவர் என்று. அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “முதல் தாள மட்டும் படிங்க” என்றார்.

உன் கையெழுத்து. தேதி, விண்ணப்பம் உன் மேசைக்கு வந்த நாள்.

‘இந்த எஞ்சினை வடிவமைத்தவர் என் தாய். ஆகவே இதை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். நீராவி தெரிந்த வேறு எவரும் இல்லையெனில், என் மதிப்பீட்டை மற்ற இருவரும் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். மதிப்பீடு முடியும் வரை என் தாயுடன் பேசமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.’

அதை இன்னொரு முறை முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த அம்மாள் தன் வெந்நீரை என்னிடம் நகர்த்தினார். “மத்த ரெண்டு பேரும் மொத நாளே தள்ளிடலாம்னு சொன்னாங்கம்மா. ரெண்டே வரி எழுதி அனுப்பியிருப்போம். உங்க பொண்ணுதான் மூணு மாசம் வெச்சிருந்தா. எங்கயாச்சும் ஒரு வழி இருக்கான்னு பாத்துட்டே இருந்தா” என்றார்.

நான் கேட்டேன், மதிப்பீடுதான் முடிந்துவிட்டதே, கை வெந்த பிறகாவது ஒரு போன் செய்யக் கூடாதா என்று. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எப்படி பேசுவா? நீங்கதான் மனு போட்டுட்டீங்களே. மனு நிலுவையில இருக்கறப்ப மனுதாரரோட பேசக் கூடாது, பாக்கக் கூடாது. ரெண்டு தடவ லீவு கேட்டா. ரெண்டு தடவயும் நாந்தான் இல்லைன்னு எழுதினேன்.”

என் வாயால் உன்னைத் திட்டிக்கொண்டே, என் கையெழுத்தால் உன் வாயைக் கட்டியிருக்கிறேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று உன்னைப் பற்றி மருத்துவமனை முழுக்கச் சொல்லிக்கொண்டு கிடந்தேன். நர்சுகளுக்கெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

எழுந்து நின்று சொன்னேன். மனு பொய். கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்தது, நாலாம் பக்கத்தில் சொன்னபடி. சுருள் மாட்டிக்கொண்டது, ஒன்பதாம் பக்கத்தில் சொன்னபடி. கலப்பட டீசல் இல்லை. ஆளை ஏற்றச் சொன்னது மீசை இல்லை, நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். தலைவர் நாற்காலி சாய எழுந்து, “பொண்ணுக்காக நாப்பது பேர வித்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு, எங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்த வண்டியில் போய்விட்டார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நான் அவரை நம்ப வைத்தேன். ஆனால் நான் உன்னைக் காப்பாற்றப் பேசினேன் என்று அவர் நினைத்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் நின்று, போகிற வண்டியைப் பார்த்து, “நடந்தத சொன்னேன்யா!” என்று கத்தினேன். உன் அப்பா என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இந்த முறை சிரித்தார்.

சங்கத்துப் படகுகள் இப்போது வேறு பட்டறைக்குப் போகின்றன. மீசை மட்டும் வருகிறான். பழைய எஞ்சினையே அவன் படகில் மறுபடி பூட்டிக் கொடுத்தேன். படகில் வந்த எல்லோரிடமும் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். பதினாறு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கிழவர் அரை மணி நேரம் என்னைத் திட்டினார். உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். கைக்குழந்தைக்காரிகளில் ஒருத்தி நான் சொல்லி முடித்ததும் கதவைச் சாத்தினாள். அதற்குத் திட்டே தேவலை. மீதி நாலு பேர் பாக்கி.

உன் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். மூன்று முறை. பதிமூன்றாம் பக்கத்தில், நின்று நின்று ஓடுகிற படகுக்கு இது ஆகாது, ஆனால் நாள் முழுவதும் ஒரே சுமையில் ஓடுகிற இடத்தில், நீராவிச் சிலிண்டரைத் தனியே பிரித்து, அதற்கென்று தனி ஆயிலும் கொடுத்தால் மறுபடி ஆராயலாம் என்று எழுதியிருக்கிறாய். அதையும் ஒன்பதாம் பக்கத்துக்கு அப்புறம்தான் வைத்திருக்கிறாய். உனக்கு எதையும் முன்னால் சொல்லவே வராதா? ஐஸ் தொழிற்சாலை மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவருடைய ஜெனரேட்டர் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. புகைக்குழாயின் சூட்டை அளந்துகொள்ள அனுமதி கொடுத்தார். பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை முழு நாளும். சுருளுக்குத் தனி வால்வு வைத்தாயிற்று, அதைத்தான் முதலில் செய்தேன்.

ஓடுமா என்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. இப்படி எழுத எனக்கு ஐம்பத்தாறு வயது ஆகியிருக்கிறது.

அளந்து முடித்ததும் மறுபடி உன் நிறுவனத்துக்குத்தான் அனுப்புவேன். உன் மேசைக்கு வரக் கூடாது என்று உங்கள் ஆட்கள் விதி போடலாம். போட்டால் நல்லது. போடாமல் வந்துவிட்டால், அம்மா என்று பார்க்காதே. கை வெந்தவள் என்றும் பார்க்காதே.

மனுவைத் திரும்பப் பெற்றாகிவிட்டது, அதற்கான உத்தரவு நேற்றுத்தான் வந்தது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் வாயைக் கட்ட எந்தக் காகிதமும் இருக்காது. இருமல் விட்டதா? இந்த முறை நான்தான் கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். யாருக்கு எதிராக இருந்தாலும், எனக்கு எதிராக இருந்தாலும், சரி என்று கண்டதை நடுங்காமல் எழுத வேண்டும். என் காகிதத்தைக் கிழிக்க வேண்டி வந்தால் நன்றாகக் கிழி. ஆனால் கிழித்துவிட்டேன் என்று சொல்ல முடிகிற முதல் நாளிலேயே எனக்குப் போன் செய்துவிடு. நான் கத்துவேன். நீ வைத்துவிடாதே.

உன் அம்மா